பன்னிரண்டு மணியில் நிற்காத குமிழ்

அத்தியாயம் 17

அந்தக் காகிதம் ஒன்பது நாளாக மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. மார்லிஸ் அதை ஒரே ஒரு தடவைதான் படித்தாள். இரண்டாம் தடவை படித்தால் மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கப் போகிறதா என்ன?

பாட்டுக் கேட்கிற ஸ்டீரியோ ரிசீவருக்குப் பின்னால் தூசி துடைக்கப் போனவள் கையில் அகப்பட்டதே, அதே காகிதம்தான். காது டாக்டர் அவள் கணவன் லீலண்டுக்கு எழுதியது. இடது காது போய்விட்டது. வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு வருஷம், மிஞ்சிப் போனால் ஒன்றரை. மருந்து கிடையாது. காதில் மாட்டுகிற கருவியால் பேச்சு கொஞ்சம் பிடிபடும், பாட்டுக்கு அது உதவாது. காகிதத்தின் கீழ்மூலையில் ‘பக்கம் ஒன்று, மொத்தம் இரண்டு’ என்று அச்சாகியிருந்தது. இரண்டாம் பக்கத்தைக் காணோம்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். வடக்கு மினசோட்டாவில் முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் அப்படியெல்லாம் கேட்டுவிட மாட்டார்கள். பனி எத்தனை அங்குலம் விழுந்தது என்று கேட்பார்கள். ஏரியில் ஐஸ் எப்போது உடையும் என்று கேட்பார்கள். உனக்கு என்னப்பா ஆயிற்று என்பது மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஆனால் இன்றைக்குச் சனிக்கிழமை. டுலூத்திலிருந்து மகள் பிரிட்டா வருகிறாள். மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டுப் பாட்டுக் கேட்பார்கள். இன்றைக்கு விட்டால் தனக்குத் தைரியம் வராது என்று மார்லிஸுக்குத் தெரியும். காகிதத்தை எடுத்து நான்காக மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த ரிசீவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால், இழுத்து மூடப்போகிற ஒரு கடையில், இருந்ததிலேயே மலிவானதாகப் பார்த்து லீலண்ட் வாங்கி வந்தான். கறுப்புப் பெட்டி. முன்பக்கம் ஒரு பெரிய குமிழ், மூன்று சின்னக் குமிழ்கள். மார்லிஸின் அண்ணன் ஆர்விட் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இந்த விலைக்கு நல்ல டோஸ்டரே வராதே, மாப்ள” என்றார். ரெக்கார்டு பிளேயரை மாட்டி, இரண்டு ஸ்பீக்கரையும் சோபாவுக்கு எதிரே வைத்து, முதல் பாட்டைப் போட்டதும் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

ஸ்டீரியோ என்றால் அதற்கு ஒரே ஒரு நல்ல இடம்தான் உண்டு. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, சோபாவின் மத்தியில். அங்கே உட்கார்ந்தால் பாடுகிறவள் எதிரே வந்து நிற்பாள். ஓரத்தில் உட்கார்ந்தால் அவளும் ஓரத்துக்குப் போய்விடுவாள். அந்த இடத்துக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் முதல் மாதம் முழுக்க மல்லுக்கட்டினார்கள். அப்புறம்தான் சட்டம் போட்டார்கள். ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஒருவருக்கு நடு இடம். தட்டைத் திருப்பிப் போடும்போது இடமும் மாறும். பிரிட்டா வந்தால் அவளுக்கும் ஒரு பக்கம் உண்டு. சட்டம்னா சட்டம்.

போன வருஷம்தான் அந்தக் கோளாறு ஆரம்பித்தது. இடது ஸ்பீக்கருக்கு எவ்வளவு, வலது ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று சத்தத்தைப் பங்குபோடுகிற பேலன்ஸ் குமிழ், கடிகார முள் மாதிரி பன்னிரண்டில் நிற்க வேண்டும். மார்லிஸ் தூசி துடைக்கும்போது பன்னிரண்டில் வைப்பாள். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் பதினொன்றில் இருக்கும். சத்தமெல்லாம் இடது பக்கமாகச் சாய்ந்திருக்கும். அப்புறம் பத்து. கிறிஸ்துமஸுக்கு ஒன்பது.

“மட்டமான செட்டு, வேற என்ன” என்றார் ஆர்விட். பெட்டியைத் திறந்து குமிழுக்குள் அழுக்கெடுக்கிற மருந்தடித்தார். கேட்கவில்லை. ஒயரை மாற்றினார். இடது ஸ்பீக்கரையே புதிதாக வாங்கி வைத்தார். அதற்கும் குமிழ் மசியவில்லை. அந்த ரிப்பேர் நடந்தபோதெல்லாம் லீலண்ட் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவேயில்லை.

இன்னொன்றும் நடந்தது. நடு இடத்தை அவன் அவளுக்கே விட்டுக்கொடுக்க ஆரம்பித்தான். அவனுடைய பக்கம் ஓடும்போதும், “நீயே உக்காரு மார்லிஸ்” என்று சொல்லிவிட்டு சோபாவின் இடது கோடிக்குப் போய்விடுவான். வயசாக ஆக மனிதனுக்குப் பாசம் கூடுகிறது என்று அவள் நினைத்தாள். சர்ச்சில் காபி ஊற்றும்போது நாலு பெண்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு.

காகிதத்தைப் படித்த அன்றைக்குத்தான் எல்லாம் உறைத்தது. இடது கோடியில் உட்கார்ந்தால் அவனுடைய வலது காது அவள் பக்கம் இருக்கும். அவள் பேசுவது கேட்கும். பாட்டை விட்டுவிட்டு அவள் பேச்சை வைத்துக்கொண்டிருக்கிறான். அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் ஒன்பது நாளும் பாத்திரத்தை இரண்டிரண்டு தடவை தேய்த்தாள்.

பிரிட்டா பதினொன்றரைக்கு வந்தாள். பூட்ஸிலிருந்து சேறும் பனியுமாக வாசல் மிதியடியில் உதறினாள்.

“ரோடெல்லாம் நாறிக் கெடக்கு. அப்பா ரிட்டயர் ஆனதுலேர்ந்து இந்த ஜில்லாவுல பனி தள்ளத் தெரிஞ்ச ஆளே இல்ல போல” என்று உரக்கச் சொன்னாள்.

உள்ளேயிருந்து லீலண்ட் சிரித்தான். இருபத்தொன்பது வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியவனுக்கு அது எப்போதும் பிடித்த பாராட்டு.

பிரிட்டாவுக்கு முப்பத்தைந்து வயது. அவசர உதவிக்கு ஊர்க்காரர்கள் அழைக்கிற 911 எண்ணில், மறுமுனையில் பேசுகிற வேலை. போன மாதம் ஒரு கிழவி வாயே திறக்க முடியாமல் மூச்சு மட்டும் விட்டதைக் கேட்டே ஆம்புலன்ஸ் அனுப்பியவள். அவளுக்குப் பாம்புச் செவி என்று ஆர்விட் சொல்வார். அந்தச் செவிதான் அவளுக்குச் சோறு போடுகிறது.

சமையலறையில் அவள் தட்டுகளை அலசிக்கொண்டிருந்தாள். மார்லிஸ் அவளுக்கு இடப்பக்கம் நின்று உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்ட ஹாட்டிஷ் வெந்துவிட்டதா என்று ஓவனைப் பார்த்தாள்.

“அந்தக் கைத்துணிய எடு.”

பிரிட்டா தட்டை அலசினாள்.

“பிரிட்டா, கைத்துணி.”

“ஆங்? தண்ணிச் சத்தம்மா.” துணியை எடுத்துக் கொடுத்தாள்.

“வேலையெல்லாம் எப்படிப் போகுது?”

“போகுது. ஹெட்செட்டுதான் உயிர வாங்குது. எடது காதுல மாட்டினா கரகரன்னு ஒண்ணும் வெளங்கல. வலது பக்கம் மாத்திட்டேன். இருக்கறதுலயே மலிவா வாங்கிப் போடுவானுங்க.”

“நம்ம செட்டு மாதிரி.”

“நம்ம செட்டே தேவலாம்” என்றாள் பிரிட்டா. இரண்டு பேரும் சிரித்தார்கள். மார்லிஸ் சிரித்தது வாயால்தான். அவள் மனசு முழுக்க ஏப்ரன் பையில் இருந்தது.

சாப்பிட்டார்கள். லீலண்ட் இரண்டு தடவை போட்டுக்கொண்டான். உறைந்த ஏரிமேல் போட்ட மீன்பிடிக் குடிசையை ஒருத்தன் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறான், ஐஸ் உடைந்தால் குடிசையோடு போகப்போகிறான் என்றான். பிரிட்டா ஏதோ கேட்டதற்கு, அவள் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொன்னான். முன்பெல்லாம் இதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் காபி போட்டு எடுத்துட்டு வரேன். நீங்க போய் ரெக்கார்டப் போடுங்க” என்று பிரிட்டா மேஜையைத் துடைத்தாள்.

கூடத்தில் லீலண்ட் ஒரு பழைய நடன இசைக்குழுவின் ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்தான். அந்தக் குழுவில் பாடுகிற பெண்ணின் குரல் அவனுக்கு ரொம்ப இஷ்டம். ஊசியை இறக்கிவிட்டு நேராக இடது கோடிக்குப் போனான்.

“இது உன் பக்கம், லீலண்ட்.”

“பரவால்ல, நீ உக்காரு.”

“சட்டம்னா சட்டம். நடுவுல உக்காரு.”

அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவன் நடுவே போய் உட்கார்ந்தான். மார்லிஸ் ரிசீவருக்கு முன்னால் தரையில் மண்டியிட்டாள்.

“கண்ண மூடு.”

“எதுக்கு?”

“இந்தக் குமிழ் கெட்டிருக்கா இல்லையான்னு இன்னைக்குப் பாத்துடணும். சத்தம் எந்தப் பக்கம் வருதோ, அந்தப் பக்கம் கையக் காட்டு.”

லீலண்ட் அவளைப் பார்த்தான். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் குமிழை வலது கோடிக்குத் திருப்பினாள். வலது கையைக் காட்டினான்.

இடது கோடிக்குத் திருப்பினாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு இடது கையைக் காட்டினான். மார்லிஸுக்கு ஒரு நொடி நெஞ்சு லேசாயிற்று. டாக்டர்களும் தப்புச் செய்வார்கள்தானே.

குமிழைத் தொடாமல், திருப்பியதுபோல் பெட்டியை மட்டும் ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம் இடது பக்கமேதான் வந்துகொண்டிருந்தது.

அவன் வலது கையைக் காட்டினான்.

மறுபடியும் ஒரு தட்டு. இடது கையைக் காட்டினான். மறுபடியும் தட்டினாள். வலது கை.

அவன் காதால் கேட்கவில்லை. வலது, இடது என்று மாற்றி மாற்றித்தான் வரும் என்று ஊகம் செய்துகொண்டிருந்தான். பாவம், பாஸ் ஆகிவிட வேண்டும் என்று அப்படி ஒரு கவனம் அந்த முகத்தில். நெற்றியில் வேர்த்திருந்தது. மார்லிஸால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

“போதும். கண்ணத் தெற.”

திறந்தபோது அவள் கையில் காகிதம் விரிந்திருந்தது. ரெக்கார்டில் அந்தப் பெண் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள்.

“எப்ப எடுத்த?” என்றான்.

“ஒம்பது நாளாச்சு.”

“ம்.”

“ஒரு வருஷமா என் அண்ணன் பெட்டியத் தொறந்து தொறந்து மூடினான். நீ டார்ச் அடிச்சிக்கிட்டு நின்ன.”

“அவருக்கு ரிப்பேர் பண்றதுன்னா பிடிக்கும்.”

“லீலண்ட்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “என்ன சொல்றது மார்லிஸ்? மொதல்ல நானும் செட்டுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். சத்தியமா. குமிழத் திருப்பினா சரியாச்சு. அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம். ஒரு நாள் கோடிக்குத் திருப்பியும் எடது பக்கம் ஒண்ணுமே இல்ல. அப்பத்தான் டாக்டர்கிட்ட போனேன்.”

“ரெண்டாவது பக்கம் எங்க?”

அவன் காதில் விழவில்லையோ என்று அவள் இன்னொரு தடவை கேட்டாள். விழுந்திருந்தது. சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அங்கே பிரிட்டா கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. கேட்டது மார்லிஸுக்கு.

“அது வேணாம், மார்லிஸ்.”

“எங்க?”

“கிறிஸ்துமஸ் ரெக்கார்டு உறைக்குள்ள.”

டிசம்பர்வரை யாரும் தொடாத உறை. நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறான். மார்லிஸ் அதை உருவி, உள்ளே விரலை விட்டுக் காகிதத்தை எடுத்தாள். அரைப் பக்கம்தான் இருந்தது.

இது குடும்பவழியாக வருகிற நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வருவதற்கும் வராமலிருப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு. பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல், ஒரு காதில் தொடங்கும். தங்கள் பிள்ளைகளைச் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்கூட்டித் தெரிந்தாலும் தடுக்க இன்றைக்கு வழி இல்லை.

மார்லிஸ் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

“எங்கப்பாவ ஞாபகம் இருக்கா?” லீலண்ட் மெதுவாகப் பேசினான். மெதுவாகப் பேசுகிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான். “கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. திமிருன்னு நெனச்சோம். எங்கம்மா கடைசிப் பத்து வருஷம் அவர்கூடப் பேச்ச விட்டுட்டாங்க. அந்த மனுஷன் யாரும் தன்கிட்ட பேசறதில்லன்னு நெனச்சிக்கிட்டே செத்திருப்பாரு.”

“கொஞ்சம் மெல்லப் பேசு.”

“சொல்லி என்ன ஆகப்போகுது? அவ வேலையே காதுலதான் இருக்கு. சொன்னா அன்னைலேர்ந்து தெனமும் காலைல எந்திரிச்சு, இன்னைக்கு எவ்வளவு கேக்குது, எவ்வளவு போச்சுன்னு பாத்துக்கிட்டே இருப்பா. நான் அப்படித்தான் இருக்கேன். அது வேணாம் அவளுக்கு.”

“அவளுக்கு ஒண்ணும் இல்ல.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கெழவி மூச்சு விட்டதக் கேட்டு ஆம்புலன்ஸ் அனுப்பினவ அவ. அவளுக்கு ஒண்ணும் இல்ல” என்றாள் மார்லிஸ். அதை நம்பினாள். அந்த நிமிஷத்தில் வேறு எதையும் நம்புவதற்கு அவளிடம் இடம் இல்லை.

ரெக்கார்டின் முதல் பக்கம் முடிந்து ஊசி தானாக எழுந்துகொண்டது. பிரிட்டா தட்டோடு வந்தாள். காபியும் ருபார்ப் கேக் துண்டுகளும். மார்லிஸ் இரண்டு காகிதங்களையும் ஏப்ரன் பைக்குள் திணித்தாள்.

“என்ன, குமிழ் பாஸா பெயிலா?”

“குமிழ் நல்லாத்தான் இருக்கு” என்றாள் மார்லிஸ்.

“ரெண்டு பேர் மூஞ்சியும் ஏன் இப்படி இருக்கு? சண்டையா? இந்த வீட்ல சண்டை போடுவீங்களா, எனக்குத் தெரியாதே.” தட்டை வைத்துவிட்டு ரெக்கார்டைத் திருப்பிப் போட்டாள். “இது என் பக்கம். எழுந்திருப்பா.”

லீலண்ட் நகரவில்லை.

“சட்டம்னா சட்டம்” என்று அவன் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவே உட்கார்ந்தாள். கால்களைச் சம்மணமிட்டுக்கொண்டாள். “எனக்கும் டெஸ்ட் வைம்மா. அங்கேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், அப்பா கையக் கைய ஆட்டினத.”

“காபி ஆறிடும்” என்றான் லீலண்ட்.

“ஆறினா ஆறட்டும்.” கண்ணை மூடிக்கொண்டாள்.

லீலண்ட் மார்லிஸைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம். அவ்வளவு தெளிவாக அவன் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

மார்லிஸ் நிறுத்தியிருக்கலாம். காபியைக் குடி என்று அதட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அவளுக்கு அந்த மனிதனிடம் காட்டிவிட வேண்டும் என்றிருந்தது. உன் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை பார், அந்தக் காகிதம் பொய் பார், இனிமேலாவது நிம்மதியாக இரு என்று, வாயால் சொல்லாமல் காட்டிவிட வேண்டும். குமிழில் கையை வைத்தாள்.

இடது கோடிவரை திருப்பினாள். இதற்கு மேல் போகாது என்று குமிழ் நின்றது.

பாட்டு மொத்தமும் இடது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. ஆர்விட் புதிதாக வாங்கி வைத்த ஸ்பீக்கர். வலது ஸ்பீக்கர் மரக்கட்டையாக நின்றது. லீலண்ட் ஸ்பீக்கர்களைப் பார்க்கவில்லை, குமிழைப் பார்த்தான். அவனால் நம்ப முடிந்தது அது ஒன்றைத்தான்.

பிரிட்டா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உதட்டில் சிரிப்போடு கையை நீட்டினாள்.

வலது பக்கம்.

“இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? கஷ்டமா ஏதாவது வையேன்.”

பிரிட்டா கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கைக்குக் கீழே இடது கோடியில் நிற்கிற குமிழைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. எழுந்து வந்து வலது ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அதில் ஓர் அதிர்வும் இல்லை. இடது ஸ்பீக்கரில் வைத்தாள். கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

பிறகு நிமிர்ந்து, இடது காது மடலை விரலால் ஒரு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டு, சிரித்தாள்.

“ஆர்விட் மாமா ஒயர என்ன பண்ணித் தொலைச்சாரோ. இதத் தூக்கிப் போட்டுடலாம்மா. அடுத்த மாசம் நல்லதா ஒண்ணு வாங்கித் தரேன்.”

மார்லிஸின் ஏப்ரன் பைக்குள் இரண்டு பக்கங்களும் இப்போது ஒன்றாக இருந்தன. கையை விட்டு எடுத்து நீட்ட வேண்டியதுதான் பாக்கி. கை குமிழை விட்டு வரவில்லை.

லீலண்ட் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதில் எவ்வளவு அவன் காதில் விழுந்ததோ தெரியாது. ஆனால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வருஷமாக அவனே சொல்லிக்கொண்டதுதானே.

“ஆமாம்மா” என்றான் மகளிடம். “மட்டமான செட்டு.”